நம் ஞாயிறு பிக்கிள்பால் போட்டியின் முடிவுகள், முழுப் புள்ளிகளோடு

அமைப்பாளர் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய நான்கு கோர்ட் மைதானத்தில் கடந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த நம் குழுவின் பிக்கிள்பால் (பேடல் எனும் மட்டையால் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தை அடித்து ஆடும் விளையாட்டு) இரட்டையர் போட்டி முடிவுகளை இங்கே பதிவிடுகிறேன். ஐந்து பிரிவுகளில் 35 இணைகள் கலந்துகொண்டன. காலை ஆறு மணிக்குத் தொடங்கி நண்பகல் வாக்கில் முடிப்பதற்குள் 70 ஆட்டங்களை நடத்த முடிந்ததற்கு, ஸ்கோர் தாளோடு வெயிலில் நின்ற தன்னார்வலர்களே காரணம். இது பொதுவெளி என்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

ஆடவர் திறந்தநிலைப் பிரிவில் எட்டு இணைகள் ஆடின. இறுதியாட்டம் 11-8, 7-11, 13-11 என்று மூன்று கேம் வரை சென்றது. ஆடவர் தொடக்கநிலைப் பிரிவிலும் எட்டு இணைகள்தான். அதன் இறுதியாட்டம் 11-3, 11-4 என்று விரைவாக முடிந்துவிட்டது. கலப்பு இரட்டையர் பிரிவின் இறுதியாட்டம் 11-6, 11-9. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் ஆறு இணைகள் லீக் முறையில் ஆட, ஓர் இணை ஐந்து ஆட்டங்களையும் வென்று முதலிடம் பிடித்தது. பெண்கள் பிரிவில் ஐந்து இணைகள் லீக் முறையில் ஆடின. முதல் மூன்று இடங்கள் புள்ளி வித்தியாசத்தில் முடிவாயின.

திறந்தநிலை இறுதியாட்டத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்றாவது கேமில் ஸ்கோர் ‘பதினொன்று, பத்து, இரண்டு’; அதாவது சர்வ் செய்யும் இணைக்கு 11, எதிரணிக்கு 10, சர்வ் செய்பவர் இணையின் இரண்டாமவர். இரண்டாவது சர்வரின் கையில் சர்வ் இருந்தது; அந்த ஒரு புள்ளி கிடைத்து முன்னிலை இரண்டாகியிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். சர்வ் செய்த இணையில் ஒருவர், நெட் அருகே உயர்ந்து வந்த பந்தைத் தரையில் படவிடாமல் ஓங்கி அடித்தார். பந்து எதிரணியினர் இருவருக்கும் நடுவே விழுந்து பின்வேலிவரை உருண்டது. பார்வையாளர்கள் கைதட்டத் தொடங்கிய நேரத்தில், அடித்தவர் தம் வலது காலைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார். அடித்த வேகத்தில் அவருடைய ஷூ நுனி கிச்சன் லைனில் (நெட்டை ஒட்டிய, நின்றபடி பந்தைத் தரையில் படவிடாமல் அடிக்கக் கூடாத பகுதியின் கோட்டில்) பட்டிருந்தது. எதிரணியினரோ ஓரத்தில் நின்ற நாங்களோ அதைக் கவனிக்கவில்லை. பந்து ஆட்டத்தை விட்டுப் போன பிறகு கால் பட்டாலும் அது பிழைதான் என்பதால் சர்வ் கை மாறியது. எதிரணி தொடர்ந்து மூன்று புள்ளிகளை எடுத்து 13-11 என்று வென்றது. தோற்ற இணைக்கு என் மனமார்ந்த பாராட்டு.

திருவான்மியூர் ஆட்டக்காரர்

அந்த இறுதியாட்டத்தை ஓரத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் அமைப்பாளர் எழுதியதை உறுதி செய்கிறேன். நடுவர் இல்லாத ஆட்டங்களில் ஒவ்வோர் இணையும் தன் பக்கத்து லைனைத் தானே சொல்ல வேண்டும், சந்தேகம் இருந்தால் எதிரணிக்குச் சாதகமாகவே சொல்ல வேண்டும் என்பதுதான் இந்த விளையாட்டின் விதி. பந்துக்கும் லைனுக்கும் இடையே இடைவெளியைக் கண்ணால் கண்டால் மட்டுமே ‘அவுட்’ சொல்லலாம். தம் தவற்றைத் தாமே சொல்வதும் அதே ஒழுங்கின் மறுபக்கம்.

காற்றைப் பற்றியும் பேசியாக வேண்டும். பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று எழுந்த பிறகு கிழக்கு முனையில் ஆடுவதும் மேற்கு முனையில் ஆடுவதும் இரு வேறு ஆட்டங்களாகிவிட்டன. திறந்தவெளியில் நாம் பயன்படுத்துவது 40 துளைகள் கொண்ட, 26 கிராம் அளவே எடையுள்ள பிளாஸ்டிக் பந்து. காற்றை எதிர்த்து ஆடுபவர் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அது கோர்ட்டுக்குள் விழுந்துவிடுகிறது. காற்றோடு ஆடுபவர் கிச்சனில் மெதுவாக இறக்க நினைக்கும் பந்தோ உயர்ந்து நீண்டு, எதிரணியின் பேடலுக்கு வாகாகப் போய்ச் சேர்கிறது. இறுதியாட்டத்தின் மூன்றாவது கேமில் ஓர் இணை ஆறு புள்ளிகளை எட்டியதும் முனை மாற்றினார்கள், அதுவே முறை. ஆனால் 11 புள்ளிக்கு ஒரே கேமாக வைத்த லீக் ஆட்டங்களில் முனை மாற்றமே இல்லை. தாமதமாகத் தொடங்கிய கலப்பு இரட்டையர் ஆட்டங்களில், டாஸ் வென்ற இணை முனையைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை அங்கேயே நின்று ஆடியது. அடுத்த முறை லீக் ஆட்டங்களிலும் ஆறாவது புள்ளியில் முனை மாற்ற வேண்டும்.

பெண்கள் பிரிவில் ஆடியவர்

அமைப்பாளர் அவர்களுக்கு வணக்கம். ஆடவர் இறுதியாட்டத்துக்கு ஒரு முழுப் பத்தி கொடுத்த நீங்கள், பெண்கள் பிரிவுக்கு ஒரே வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். அன்றைக்கு இருந்தவற்றிலேயே மிகவும் சிக்கலான முடிவு எங்களுடையது என்பதால் அதை நானே முழுமையாகத் தருகிறேன். ஐந்து இணைகளையும் அ, ஆ, இ, ஈ, உ என்று குறிப்பிடுகிறேன்.

அ இணை ஆ இணையை 11-8 என்று வென்றது. ஆ இணை இ இணையை 11-5 என்று வென்றது. இ இணை அ இணையை 11-9 என்று வென்றது. இந்த மூன்று இணைகளும் ஈ, உ ஆகிய இரண்டையும் வென்றதால், மூன்றுக்கும் தலா மூன்று வெற்றிகள். மூவரும் ஒருவரையொருவர் சுற்றி வென்றிருப்பதால் நேருக்கு நேர் முடிவைக் கொண்டும் பிரிக்க முடியாது. எனவே எல்லா ஆட்டங்களின் மொத்தப் புள்ளி வித்தியாசத்தைப் பார்த்தார்கள். அ இணை ஈ இணையை 11-3 என்றும் உ இணையை 11-0 என்றும் வென்றிருந்தது; மொத்தம் 20 புள்ளி கூடுதல். ஆ இணை அதே இருவரை 11-6, 11-5 என்று வென்றிருந்தது, மொத்தம் 14. இ இணை 11-4, 11-6 என்று வென்றிருந்தது, மொத்தம் 8. ஆகவே அ முதலிடம், ஆ இரண்டாமிடம், இ மூன்றாமிடம்.

இப்போது மூன்று இணைகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அ இணைக்கு ஒரு புள்ளி கூடுதல், ஆ இணைக்கு மூன்று புள்ளி கூடுதல், இ இணைக்கு நான்கு புள்ளி குறைவு. அப்படிக் கணக்கிட்டிருந்தால் ஆ இணைக்கே பட்டம் போயிருக்கும். அதாவது, சம பலமுள்ள மூன்று இணைகளின் வரிசையை, அண்மையில்தான் பேடலைப் பிடிக்கத் தொடங்கிய உ இணையை யார் எவ்வளவு பெரிய வித்தியாசத்தில் வென்றார்கள் என்பது தீர்மானித்திருக்கிறது. நான் ஆ இணையில் ஆடவில்லை என்பதையும் தெரிவித்துவிடுகிறேன். பதக்கத்தை மாற்றச் சொல்லவும் இல்லை. ஆனால் இந்த எண்கள் யாவும் ஸ்கோர் தாளில் இருந்தும் அறிவிப்பில் வராமல் போனால், இப்படி ஒரு கேள்வி இருப்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அ இணையில் ஒருவர்

சகோதரி எழுதிய கணக்கு சரியானது. எனினும் எங்கள் தரப்பையும் சொல்ல வேண்டும். மொத்தப் புள்ளி வித்தியாசம் பார்க்கப்படும் என்று காலையிலேயே அறிவித்துவிட்டார்கள். அது தெரிந்தே ஒவ்வொரு புள்ளியையும் முழு மூச்சாக ஆடினோம். எதிரில் நிற்பவர் புதியவர் என்பதற்காகப் பந்தை வேண்டுமென்றே வெளியே அடிப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பது என் உறுதியான கருத்து. பயிற்சி ஆட்டத்தில் விட்டுக்கொடுக்கலாம், சொல்லித் தரலாம். போட்டியில் முழுமையாக ஆடுவதே முறை. ஆட்டம் முடிந்த பிறகு அதே இணையோடு பக்கத்து கோர்ட்டில் அரைமணி நேரம் நின்று சர்வுக்கும் அதற்கான பதிலடிக்கும் அடுத்து வரும் மூன்றாவது ஷாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

உ இணையில் ஒருவர்

எங்களைப் பற்றிப் பேசுவதால் நானும் எழுதுகிறேன். 0-11, 5-11, 6-11, 7-11 என்பவை எங்கள் நான்கு ஆட்டங்களின் முடிவுகள். இவை இங்கே வெளியாவதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. உண்மையில் வெளியாக வேண்டும் என்றே விரும்புகிறோம். அ இணையுடன் ஆடிய ஆட்டத்தில் நாங்கள் சர்வ் செய்த ஒவ்வொரு முறையும் அவர்கள் பந்தை எங்கள் பின்கோட்டருகே ஆழமாகத் திருப்பி அனுப்பிவிட்டு, இருவரும் ஒன்றாகக் கிச்சன் லைனுக்கு வந்து நின்றார்கள். அந்தப் பந்து ஒருமுறை தரையில் பட்ட பிறகுதான் நாங்கள் அடிக்க முடியும் என்பதால் நாங்கள் பின்னால், அவர்கள் முன்னால். அங்கிருந்து எவ்வளவு வேகமாக அடித்தாலும் பந்து அவர்களுடைய பேடலுக்குத்தான் போனது. மெதுவாகக் கிச்சனுக்குள் இறக்கிவிட்டு முன்னே நகர வேண்டும் என்பதைக் காணொளிகளில் பார்த்திருந்தோம். ஆனால் ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்ற பிறகுதான் அது ஏன் என்று விளங்கியது. அடுத்த போட்டியில் எங்கள் எண்கள் எப்படி மாறியிருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க, இந்தப் போட்டியின் எண்கள் எங்கேனும் பத்திரமாக இருந்தாக வேண்டும்.

ஸ்கோர் எழுதும் பொறுப்பில் இருந்தவர்

மேலே உள்ள மூன்று பதிவுகளும் நான் வெகுநாளாக வலியுறுத்திவரும் ஒன்றுக்கே வந்து சேர்கின்றன. உள்ளூர்ப் போட்டியின் முடிவு என்றால் கோப்பையோடு நிற்கும் இருவரின் புகைப்படமும் ‘வாழ்த்துகள்’ என்ற வரியும் என்று ஆகிவிட்டது. இரண்டே நாளில் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் காலை வணக்கங்களுக்கு அடியில் மறைந்துவிடும். யார் யாரோடு ஆடினார்கள், எத்தனை புள்ளிகள், எந்த முறையில், காற்று எப்படி, எந்தப் பந்து என்பவற்றுக்கு ஒரு பதிவும் மிஞ்சுவதில்லை.

இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1965 கோடையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிச்சர்டு, பில் பெல், பார்னி மெக்கலம் ஆகியோரின் குடும்பங்கள் பழைய இறகுப்பந்து (பேட்மிண்டன்) கோர்ட் ஒன்றில் தொடங்கிய ஆட்டம் இது. இன்றும் கோர்ட்டின் அளவு இறகுப்பந்து இரட்டையர் கோர்ட்டின் அதே 44 அடி நீளம், 20 அடி அகலம்தான். அறியப்பட்ட முதல் போட்டி 1976ஆம் ஆண்டு அதே மாநிலத்தின் டக்வில்லா நகரில் உள்ள ஒரு விளையாட்டு மன்றத்தில் நடந்தது. ஆடவர் ஒற்றையரில் டேவிட் லெஸ்டர் வென்றார், ஸ்டீவ் பராண்டோ இரண்டாமிடம் பெற்றார் என்பதை வரலாறு எழுதும் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். அவர்கள் குறிப்பிடும் முடிவு அநேகமாக அதோடு நின்றுவிடுகிறது. அன்றைக்கு அதுவும் ஓர் உள்ளூர்ப் போட்டிதான். ஆடியவர்கள் அது வரலாறாகும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். நம் தாள்களைக் காப்பதற்கு அதிகச் செலவு ஒன்றும் இல்லை. கைப்பேசியில் படம் எடுத்து ஓர் அட்டவணையில் ஏற்றினால் போதும்.

சமநிலை முறிப்பதைப் பற்றி: வெற்றிகளின் எண்ணிக்கை, அடுத்து நேருக்கு நேர், அதற்கும் அடுத்து மொத்தப் புள்ளி வித்தியாசம் என்பதே பரவலாகப் பின்பற்றப்படும் வரிசை. அன்றைய முடிவு அந்த வகையில் முறையானதுதான். ஆனால் ஐந்து இணைகள் மட்டுமே உள்ள சிறிய பிரிவில், அதிலும் பலத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கும்போது, சமநிலையில் நிற்பவர்கள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை முதலில் பார்ப்பதே நியாயம் என்று எனக்கும் படுகிறது. முன்கூட்டியே அறிவித்துவிட்டால் நம் குழு அளவில் இதை மாற்றிக்கொள்ளத் தடை ஏதுமில்லை.

தொடக்கநிலைப் பிரிவில் அரையிறுதியில் தோற்றவர்

பெண்கள் பிரிவைப் பற்றிப் பேசுகிறோம். தொடக்கநிலைப் பிரிவை யாரும் தொடவில்லை. இறுதியாட்டம் 11-3, 11-4 என்றால், வென்ற இணை அந்தப் பிரிவுக்கு உரியதல்ல என்பதை அந்த எண்களே சொல்கின்றன. இருவரும் கல்லூரிக் காலத்தில் டென்னிஸ் ஆடியவர்கள். பிக்கிள்பாலுக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் பந்தைப் பார்க்கும் கண், கால் நகர்வு, முன்னங்கை வீச்சு ஆகியவற்றில் பல ஆண்டுப் பயிற்சியோடு வருபவரை, நாற்பது வயதில் முதன்முதலாக விளையாட்டு என்று ஒன்றைத் தொடங்கியவரோடு ஒரே பிரிவில் நிறுத்தினால், பின்னவர் அடுத்த முறை பெயர் கொடுக்கமாட்டார். எனக்குத் தெரிந்தே இரண்டு பேர் அன்று மதியமே அப்படிச் சொன்னார்கள். இது பொறாமையில் எழுதுவதல்ல. நம் குழு பெருக வேண்டும் என்ற அக்கறையில் எழுதுகிறேன்.

டென்னிஸிலிருந்து வந்தவர்

நீங்கள் குறிப்பிடும் இணையில் நானும் ஒருவன். படிவத்தில் ‘இந்த விளையாட்டை ஆடத் தொடங்கி எவ்வளவு காலம்’ என்றுதான் கேட்டிருந்தார்கள், உள்ளதை எழுதினோம். டென்னிஸ் ஆடியவருக்கு எல்லாம் எளிது என்ற எண்ணம் பாதிதான் சரி. சர்வைக் கீழிருந்து மேலாக, இடுப்புக்குக் கீழே அடிக்க வேண்டும் என்பதால் டென்னிஸ் சர்வ் இங்கே உதவாது. சர்வ் செய்துவிட்டு நெட்டுக்கு ஓடவும் முடியாது. திரும்பி வரும் பந்து தரையில் பட்டாக வேண்டும். கிச்சன் லைனில் நின்று மெதுவாகத் தட்டித் தட்டி ஆடும் டிங்க் ஆட்டத்தில், திறந்தநிலைப் பிரிவில் உள்ளவர்கள் எங்களை எளிதாகத் தோற்கடிப்பார்கள். எனினும் உங்கள் வருத்தத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. வலுவான டிரைவ் (தாழ்வாக, வேகமாக அடிக்கும் அடி) ஒன்று இருந்தால் தொடக்கநிலையில் அதைத் தடுத்துத் திருப்ப ஆளில்லை. எங்களுடைய புள்ளிகளில் பெரும்பகுதி அப்படி வந்தவைதான். அடுத்த போட்டியில் நாங்கள் திறந்தநிலையிலேயே பெயர் கொடுப்போம்.

ஸ்கோர் எழுதும் பொறுப்பில் இருந்தவர்

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1976ஆம் ஆண்டின் அந்த முதல் போட்டியில் கலந்துகொண்டவர்களில் பலர் கல்லூரி டென்னிஸ் ஆட்டக்காரர்கள். பிக்கிள்பால் பற்றி அதிகம் அறியாமல், பெரிய மரப் பேடல்களையும் பெரிய பிளாஸ்டிக் பந்தையும் வைத்துப் பயிற்சி செய்துவிட்டு வந்தவர்கள். ஆகவே டென்னிஸ்காரர்களை எங்கே நிறுத்துவது என்பது இந்த விளையாட்டின் முதல் போட்டியிலிருந்தே எழுந்திருக்கக்கூடிய கேள்வி. அவரவர் சொல்லும் நிலையை நம்பிப் பிரிப்பதால்தான் இந்தச் சிக்கல் வருகிறது.

கோவையிலிருந்து ஒரு வாசகர்

வெளியூரிலிருந்து இழையைப் படித்துவருகிறேன். நிலையைப் பிரிக்க டி.யு.பி.ஆர். தரமதிப்பீட்டைப் பயன்படுத்தலாமே? 2 முதல் 8 வரையிலான அளவுகோலில், வயதோ பாலினமோ பார்க்காமல், ஆடிய ஆட்டங்களின் முடிவைக் கொண்டே ஒவ்வொருவருக்கும் மூன்று தசம இடங்கள் வரை ஓர் எண்ணைத் தருகிறார்கள். எதிரணியின் பலமும் கணக்கில் வருவதால் பலவீனமானவர்களை வென்று மட்டும் எண்ணை உயர்த்திக்கொள்ள முடியாது. உங்களிடம் 70 ஆட்டங்களின் முழுப் புள்ளிகள் இருக்கின்றன. அவற்றைப் பதிவேற்றினாலே உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொடக்க எண் கிடைத்துவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வென்ற ஆட்டங்களை மட்டும் பதிவேற்றி, தோற்றவற்றை விட்டுவிடும் பழக்கம் குழுவுக்குள் வந்துவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. தனிநபர் கையில் விடாமல் குழுவே மொத்தமாகப் பதிவேற்ற வேண்டும்.

ஐம்பது வயதுப் பிரிவில் ஆடியவர்

தரமதிப்பீடு பற்றி இளைஞர்கள் முடிவு செய்யட்டும். எங்கள் பிரிவைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் ஆட்டங்களை மற்றப் பிரிவுகளின் இடைவெளியில் போட்டதால் ஓர் ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சில சமயம் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்து இறுகிய கால்களோடு திடீரென்று கோர்ட்டுக்குப் போகும்போதுதான் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாரும் காயப்படுகின்றன. கடைசி ஆட்டத்தின்போது மணி பதினொன்றரை. தலைக்கு மேல் வந்த லாப் பந்தை எடுக்க ஒரு நண்பர் பின்னோக்கி நடந்து மல்லாந்து விழுந்தார். நல்லவேளையாக முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. லாப் வந்தால் பக்கவாட்டில் திரும்பி ஓட வேண்டுமே தவிர, முகத்தை நெட்டுக்குக் காட்டிக்கொண்டே பின்னால் போகக் கூடாது என்பதை எங்கள் வயதுக்காரர்கள் அனைவரும் பயிற்சியிலேயே பழகிக்கொள்ள வேண்டும். எங்கள் பிரிவைக் காலை ஆறு மணிக்கு முதலில் வைத்து ஒரே மூச்சில் முடித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆறு இணைகள் என்றால் ஒரே நேரத்தில் மூன்று கோர்ட்டுகளில் ஆடலாம், ஐந்து சுற்றுகள், எட்டு மணிக்கு முன்பே முடிந்துவிடும்.

அண்ணாநகர் ஆட்டக்காரர்

பத்திரிகைகளில் வரும் பிக்கிள்பால் செய்திகளைப் பார்த்துவிட்டு இந்த இழையைப் படிக்கும்போது மனம் நிறைகிறது. 2025 ஜனவரி, பிப்ரவரியில் மும்பையில் ஆறு அணிகளோடு நடந்த உலக பிக்கிள்பால் லீக்கைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். சென்னை அணிக்கு நடிகை சமந்தா உரிமையாளர் என்பதும், இயக்குநர் அட்லியின் பெங்களூரு அணி பட்டம் வென்றது என்பதும் தமிழ் நாளேடுகள் வரை வந்தன. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் நம் ஊரில் ஞாயிறுதோறும் எத்தனை மைதானங்களில் எத்தனை பேர் ஆடுகிறார்கள், யார் வளர்ந்து வருகிறார்கள் என்பதை ஆடும் நாமே எழுதினால்தான் உண்டு.

இன்னொரு விஷயம். நம் போட்டியில் கொடுத்த சான்றிதழ் ‘மாவட்ட அளவு’ என்று செல்லுமா என்று ஒரு பெற்றோர் கேட்டார். செல்லாது என்பதே நேர்மையான பதில். 2008இல் தொடங்கிய அகில இந்திய பிக்கிள்பால் சங்கம் ஒருபுறம் இருக்க, 2025 ஏப்ரலில் மத்திய விளையாட்டு அமைச்சகம் இந்திய பிக்கிள்பால் சங்கம் என்ற வேறோர் அமைப்பைத் தேசியக் கூட்டமைப்பாக அங்கீகரித்தது. அந்த முடிவை எதிர்த்துப் பழைய சங்கம் நீதிமன்றம் சென்றது. இந்த நிலையில், பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு உதவும் என்று யாராவது சான்றிதழுக்குப் பணம் கேட்டால், அது எந்த அமைப்பின் பெயரில் வருகிறது என்று முதலில் கேளுங்கள். நம்முடையது குழுப் போட்டி. சான்றிதழிலும் அப்படியே அச்சிடுவோம்.

திருவான்மியூர் ஆட்டக்காரர்

தொடக்கநிலைச் சிக்கலுக்கு ஒரு வழி தோன்றுகிறது. திறந்தநிலை, தொடக்கநிலை என்று முன்கூட்டியே பிரிக்காமல் பதினாறு ஆடவர் இணைகளையும் நான்கு குழுக்களாகப் பிரித்து லீக் ஆடச் செய்யலாம். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு இடம் பெற்றவர்கள் மேல் பிரிவில் நாக்-அவுட் ஆடட்டும். கடைசி இரண்டு இடம் பெற்றவர்கள் கீழ்ப் பிரிவில் தங்களுக்குள் நாக்-அவுட் ஆடட்டும். இரண்டுக்கும் கோப்பை உண்டு. அவரவர் நிலையை அவரவர் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய ஆட்டமே சொல்லிவிடும்.

தொடக்கநிலைப் பிரிவில் அரையிறுதியில் தோற்றவர்

யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லீக்கில் வேண்டுமென்றே தோற்றுக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கி, அங்கே கோப்பையை எடுத்துச் செல்ல நினைப்பவரை என்ன செய்வது? நம் குழுவில் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று நம்புகிறேன். எனினும் வெளியிலிருந்தும் இணைகள் வருகின்றன. மேலும், புதியவர்களுக்குத் தொடக்கத்திலேயே 0-11, 1-11 என்று இரண்டு ஆட்டங்கள் போனால் மனம் தளராதா?

உ இணையில் ஒருவர்

எங்களுக்குத் தளரவில்லை. 0-11க்குப் பிறகு 5, 6, 7 என்று ஏறியது எங்களுக்கு உற்சாகமாகவே இருந்தது. ஆனால் எல்லோரும் எங்களைப் போலவே எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அமைப்பாளர்

எல்லோருடைய கருத்துகளையும் படித்து, மைதானப் பொறுப்பாளரிடமும் பேசிவிட்டு எழுதுகிறேன். ஐம்பது வயதுப் பிரிவு காலை ஆறு மணிக்கு மூன்று கோர்ட்டுகளில் தொடங்கும். நான்காவது கோர்ட்டில் அதே நேரத்தில் பெண்கள் பிரிவு தொடங்கும். எல்லா லீக் ஆட்டங்களிலும் ஆறாவது புள்ளியில் முனை மாற்றம் உண்டு. வெற்றிகள் சமமானால் நேருக்கு நேர், அதுவும் சமமானால் சமநிலையில் உள்ள இணைகளுக்குள் மட்டும் புள்ளி வித்தியாசம், அதன் பிறகே மொத்த வித்தியாசம் என்ற வரிசையைப் பதிவுப் படிவத்திலேயே அச்சிடுகிறோம். நடந்து முடிந்த போட்டியின் முடிவுகளில் மாற்றம் இல்லை. அ இணையின் பட்டம் அவர்கள் முறையாக வென்றது.

மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு யோசனையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். இப்போது ஆடவருக்கு மொத்தம் 30 ஆட்டங்கள். அந்த முறையில் லீக்கில் 24, நாக்-அவுட்டில் இரண்டு பிரிவுக்கும் தலா 7 என்று 38 ஆகிறது. நான்கு கோர்ட்டுகளில் ஏறக்குறைய நாற்பது நிமிடங்கள் கூடும். கோடை நெருங்கும்போது அந்த நாற்பது நிமிடங்கள் உச்சி வெயிலில்தான் விழும். ஆகவே அடுத்த போட்டியில் கலப்பு இரட்டையரை மட்டும் சனிக்கிழமை மாலைக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கிறேன். விளக்கு வெளிச்சத்துக்கான கூடுதல் வாடகையைக் கேட்டிருக்கிறேன். அது கட்டுப்படியானால் இந்த முறையைச் சோதித்துப் பார்ப்போம். வேண்டுமென்றே தோற்பவர்களைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் இன்னும் நல்ல விடை இல்லை. யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.

ஸ்கோர் எழுதும் பொறுப்பில் இருந்தவர்

70 ஆட்டங்களின் தாள்களையும் அட்டவணையில் ஏற்றிவிட்டேன். கலப்பு இரட்டையர் லீக்கில் மூன்றாவது கோர்ட்டில் நடந்த இரண்டு ஆட்டங்களின் தாள்களில் வியர்வை பட்டு எண்கள் தெளிவாக இல்லை. அந்த நான்கு இணைகளும் தங்கள் ஸ்கோரை எனக்குத் தனியாக அனுப்புங்கள். இரு தரப்பும் ஒரே எண்ணைச் சொன்னால் மட்டுமே பதிவு செய்வேன். டி.யு.பி.ஆர். பதிவேற்றத்துக்கு ஒவ்வோர் உறுப்பினரின் ஒப்புதலும் தேவை என்பதால் அதற்கான படிவத்தை நாளை குழுவில் பகிர்கிறேன். விருப்பமில்லாதவர்களின் ஆட்டங்கள் நம் அட்டவணையில் மட்டும் இருக்கும்.

திறந்தநிலை இறுதியாட்டத்தில் தோற்றவர்

இழையை இன்றுதான் பார்த்தேன். பாராட்டியவர்களுக்கு நன்றி. ஸ்கோர் அட்டவணையில் அந்த ஆட்டத்தின் குறிப்பில் ‘கிச்சன் பிழை, 11-10-2’ என்று சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை அந்தப் பந்தை அடிக்கும்போது ஓர் அடி பின்னால் நின்று அடிக்க நானும் என் இணையும் இந்த வாரத்திலிருந்தே பயிற்சி செய்கிறோம். மாலை ஏழு மணிக்கு இரண்டாவது கோர்ட்டில் எதிரே நின்று பந்து கொடுக்க இருவர் கிடைத்தால் உதவியாக இருக்கும்.